சுழல்விளக்கு வரிசை

"உங்க வண்டியில சிவப்பா, நீலமா?" வரிசையில் முன்னால் நின்ற செயற்பொறியாளர் திரும்பிக் கேட்டார்.

"எந்தக் கலரா இருந்தா என்னங்க? எல்லாருக்கும் ஒரே கதிதானே" என்று பெருமூச்சு விட்டார் துணை இயக்குநர்.

மெக்கானிக் ஷெட்டின் வாசல் துக்க வீடு மாதிரி இருந்தது. நாளைக் காலை முதல் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி தவிர வேறு எந்த வண்டியிலும் கலர் விளக்கோ சுழல்விளக்கோ இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். ஊரிலுள்ள பெரிய மனிதர்கள் எல்லாம் கார்களைத் தெரு நெடுக நிறுத்திவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

துணை இயக்குநர் தன் வண்டியைத் தெருமுனை தாண்டி விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தார். டிரைவரைக்கூட அழைத்து வரவில்லை. இதெல்லாம் டிரைவரிடம் சொல்லியனுப்புகிற காரியமா?

"இனிமே நாமளும் சிக்னல்ல நிக்கணுமாம்" என்றார் செயற்பொறியாளர், அழாத குறையாக. "ஆபீஸ் போற வழியில மூணு சிக்னல் இருக்குன்னு நேத்துதான் டிரைவர் சொன்னான். இத்தனை வருஷமா எனக்குத் தெரியவே தெரியாது!"

"பச்சை விழுந்தாத்தான் போகணுமாம்" என்றார் பின்னால் நின்ற வாரியத் தலைவர்.

"யாருக்குப் பச்சை விழுந்தா?"

"எல்லாருக்கும்."

"என்ன அநியாயம் சார் இது!"

துணை இயக்குநரின் செல்போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, வேலை முடிஞ்சுதா இல்லையா? நாளைக்குக் காலையில எங்கண்ணன் குடும்பத்தோட வந்து இறங்குறார். அவர் வண்டிக்கு நேத்தே எல்லாம் முடிஞ்சிருச்சாம். அண்ணி போன் பண்ணி ஒண்ணுக்கு ரெண்டு தடவை சொல்லிட்டாங்க. அவங்க வண்டி பக்கத்துல நம்ம வண்டி இப்படியே நின்னா என் முகத்தை எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?"

"வரிசையிலதான்மா நிக்கிறேன். இன்னைக்கு முடிக்காம வீட்டுக்கு வரமாட்டேன். போதுமா?"

மச்சான் லேசுப்பட்டவர் இல்லை. வீட்டுக்குள் நுழையும் முன்பே கார் நிறுத்தத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து குறை கண்டுபிடிக்கிற மனுஷன். அவர் வாயில் விழுந்து எழுந்தால் ஆறு மாதத்துக்கு மனைவியின் வாய்க்கும் வேலை இருக்கும்.

செயற்பொறியாளரின் கார் உள்ளே போனது. மெக்கானிக் ஸ்டூல் மேல் ஏறி, நாலு திருகையும் கழற்றி, விளக்கைத் தூக்கிக் கீழே வைத்தார். வெயிலில் வெளுத்துப்போன கூரையில், விளக்கு இருந்த இடம் மட்டும் வட்டமாகப் புதுப் பெயிண்ட்டோடு பளபளத்தது. அதற்குள் நாலு ஓட்டை.

"ஓட்டையை அடைச்சு, பெயிண்ட் அடிச்சு விட்டுடறேன் சார். அடையாளமே தெரியாது."

"ஐயையோ, கையை வச்சுடாதப்பா!" செயற்பொறியாளர் பதறிப்போனார். "அடையாளம் தெரியணும்! எங்க தலைமைப் பொறியாளர் நேத்தே கழட்டிட்டார். இன்னைக்குக் காலையில கேட்டுல காவலாளி அந்த ஓட்டையைப் பார்த்து அடிச்சான் பாரு ஒரு சல்யூட்! விளக்கு இருந்தப்பகூட அவன் அப்படி விறைச்சு நின்னதில்ல. விளக்கை யார் வேணா கடையில வாங்கி மாட்டலாம்ப்பா. ஓட்டை இருந்தாத்தான் ஒரு காலத்துல ஆண்டவன்னு அர்த்தம்."

போகும்போது அவர் முகத்தில் துக்கம் இல்லை. காரை ஒருமுறை தள்ளி நின்று பார்த்து ரசித்துவிட்டுத்தான் ஏறினார்.

"அடுத்தது யாரு? சாவியைக் குடுங்க சார். வண்டி எங்க நிக்குது?"

துணை இயக்குநர் சாவியை நீட்டவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். வாரியத் தலைவர் போனில் யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தார். நல்லவேளை. மெக்கானிக்கின் தோளில் கைபோட்டு டயர் குவியலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, உன்கிட்ட மட்டும் சொல்றேன், வெளியில விட்டுடாதே. என் பதவிக்கு விளக்கே குடுக்கலப்பா. என் வண்டியில அது எப்பவுமே இருந்ததில்ல. இப்பப் போன வண்டியில இருக்கே, அதே மாதிரி ஒரு வட்டமும் நாலு ஓட்டையும் மட்டும் போட்டுக் குடுத்திடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

மெக்கானிக் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "என்ன சார், இவ்வளவு நேரம் வீணா நின்னுட்டீங்களே! இது விளக்கைக் கழட்டறவங்க வரிசை. வெறும் ஓட்டை போடறதுக்குப் பின்பக்கம் தனி வரிசை இருக்கு, மெயின் ரோடு வரைக்கும் போயிருக்கு. சீக்கிரம் போய்க் கடைசியில நில்லுங்க."