அணைத்து வைத்த பிரிட்ஜ்

கரண்ட் பில்லுக்குப் பயந்து ஆறு மாதமாக ஈஸ்வரி பிரிட்ஜை அணைத்து, உள்ளே துவைத்த துணிகளை அடுக்கி வைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டு மரகதம் இன்சுலின் குப்பியை நீட்டினாள். "எங்க பிரிட்ஜ் ரிப்பேர். ரெண்டு நாள் உங்களுதுல வையேன்."

"அதுக்கென்னக்கா" என்று வாங்கிக்கொண்டாள். மரகதம் போனதும் துணிகளை வாரிக் கட்டிலில் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினாள். உள்விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடவில்லை. மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தாள். கையிலிருந்த குப்பியின் குளிர்ச்சி குறைந்துகொண்டே வந்தது.

மரகதத்தின் கதவைத் தட்டினாள். "இப்பதான்க்கா நின்னுபோச்சு. காலையிலகூட நல்லா ஓடுச்சு."

மரகதத்தின் முகம் சுண்டிப்போனது. "என் ராசி அப்படிம்மா. நான் தொட்டதெல்லாம் வெளங்காதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றது சரிதான் போல."

அப்படியெல்லாம் இல்லையக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஈஸ்வரி குப்பியைக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.