ஒன்பது குவியல்

உலையில் செம்பு உருக்குகிறவர்களுக்கு ஆட்டின் முன்தொடை. குழியில் இறங்கிக் கல் வெட்டுகிறவர்களுக்கு அவர்கள் சப்பிப் போட்ட எலும்பு. எங்கள் பள்ளத்தாக்கின் வழக்கம் இது. சமைப்பவள் நான்.

போன மாதம் மேற்குக் குழி சரிந்து ஒன்பது பேர் புதைந்தார்கள். தோண்ட ஆள் கேட்டேன்.

"செத்தவனைத் தோண்டப் போனா கல்லு யாரு வெட்டுவா, மத்ரேத்?" என்றார் பெரிய உலைக்காரர் ஊசாம். வாயில் மீன் முள் இருந்தது.

அன்றும் பழக்கதோஷத்தில் எலும்பை அந்தக் குழிவாயில் கொட்டிவிட்டேன். காலையில் அங்கே செம்புக்கல் ஒன்பது குவியலாகக் கிடந்தது. சரிந்த மண் சரிந்தபடியே இருந்தது. ஒவ்வொரு குவியலின் மேலும் உறிஞ்சிய எலும்பு ஒன்று, எச்சில்கூடக் காயாமல்.

ஓடிப்போய் ஊசாமைக் கூட்டி வந்தேன். அவர் ஒரு கல்லை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"நல்ல பச்சைக் கல்லு, செம்பு நெறைய. இன்னிக்கும் போடு."

இருபது நாளாகப் போடுகிறேன். இருபது நாளும் ஒன்பது குவியல்.

இன்று சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "கிழக்குக் குழியில எத்தனை பேர் எறங்கியிருக்கானுங்க?"

"பன்னெண்டு பேருங்க. என் வீட்டுக்காரரும் உள்ளதான் இருக்காரு."

ஊதாச் சால்வையில் விரல் கொழுப்பைத் துடைத்தார்.

"உலைக்கு விறகு பத்தல. அந்தக் குழியில முட்டுக் குடுத்திருக்கிற கட்டையெல்லாம் அவனுங்களையே உருவி வெளிய போடச் சொல்லு. நாளையிலேருந்து இன்னும் பன்னெண்டு எலும்பு சேத்து எடுத்து வை."

சப்பி முடித்ததை என் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது.