கரடியின் இடுப்பளவு

ஏரியின் நடுவில் ஒரு தீவு. பங்குனியில் அங்கே இலுப்பை பூக்கும். அங்கே போய்வரத் தானே ஒரு படகு செய்துகொள்ளக் கரடி முடிவு செய்தது. படகுக்கு அளவெடுக்கத் தெரிந்தது நீர்நாய்க்கு மட்டும்தான். அதனிடம் போய்க் கேட்டது.

"ஈர மணலில் இடுப்புவரை புதைஞ்சு உட்காருங்க அண்ணே. அந்தப் பள்ளம்தான் இருக்கையோட அளவு. உங்களுக்கு அகலப் படகுதான் சரிப்படும்."

"போன வருஷம் என் இடுப்பைப் பார்த்துச் சிரிச்சவன்தானே நீ? எனக்கு ஒடுக்கமான படகு போதும்."

"அது போன வருஷ இடுப்பு அண்ணே. இப்போ சிரிக்கவே பயமா இருக்கு."

கரடி மூச்சைப் பிடித்து, வயிற்றை எக்கிக்கொண்டு உட்கார்ந்தது. பள்ளம் சின்னதாகத்தான் விழுந்தது. அந்த அளவுக்கே மூங்கிலை வளைத்துப் படகைக் கட்டியது.

பங்குனி வந்தது. ஒரு விடியலில் கரடி அதே போல வயிற்றை எக்கிக்கொண்டு படகில் உட்கார்ந்தது. கச்சிதமாக இருந்தது. பனிமூட்டத்தில் ஏரியும் வானமும் ஒன்றாகிவிட, படகு மேகத்தின் மேல் போவது போலிருந்தது. கரடி துளித்துளியாக மூச்சு விட்டபடி துடுப்புப் போட்டது. தீவு நெருங்க நெருங்க இலுப்பைப் பூவின் மணம் மிதந்து வந்தது. நெஞ்சு நிறைய இழுக்கப் பார்த்தது கரடி. மூங்கில் முனகியது.

"அளவு சரியா இருக்கா அண்ணே?" என்று கேட்டது பக்கத்தில் நீந்தி வந்த நீர்நாய்.

பதில் சொல்லவும் மூச்சு வேண்டும். கரடி தலையை மட்டும் ஆட்டியது. மணம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.