போஸ்டருக்கு ஒரு முகம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வெயில் ஏறுகிறது. பாலஸ்தீனத்தில் பிறந்து அமெரிக்காவில் இலக்கியம் கற்பித்த விமர்சகரின் நினைவுக் கூட்டத்தில், கிழக்கு மக்களை மேற்கு எப்படிப் பரிதாபமாகவே வரைந்தது என்று உமைமா பேசப்போகிறாள். அந்தக் கூட்டத்துக்கான போஸ்டர்தான் தன் முகம் வரும் முதல் போஸ்டர் என்று புதுச் சுடிதாரில் வந்திருக்கிறாள். படமெடுப்பவர் அவளை அழுகிய மீன்குவியல் அருகே நிறுத்துகிறார். ஈக்கள் மொய்க்கின்றன. "சிரிக்காதீங்க மேடம். முக்காட்டை இழுத்துவிட்டு, பாவமா பாருங்க." மீன் விற்கும் சொக்கம்மாள் அதட்டுகிறாள்: "இன்னா நைனா, காலேஜ்ல பாடம் நட்த்துற பொண்ணு சிரிச்சா உன் கேமரா வெட்ச்சிடுமா?" அவரோ மீன் கழுவிய தண்ணீரை அள்ளி உமைமாவின் சுடிதாரில் தெளிக்கிறார். அவள் அவரையே வெறிக்கிறாள். உதடு அருவருப்பில் கோணுகிறது. கேமரா சொடுக்குகிறது. "சூப்பர் மேடம்! இந்த வேதனைதான் வேணும்."