கண்ணைப் பார்த்துப் பேசு

“தலையைத் தூக்கும்மா. நான் என்ன தரைக்குள்ளயா இருக்கேன்?”

வகுப்பே சிரித்தது. நர்ஸ் இன்னும் குனிந்துகொண்டாள்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை தயார். இந்த ஆங்கிலப் பயிற்சி நிலையத்தின் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி.

“இலக்கணமெல்லாம் பிரமாதம். ஆனா நீ இங்கிலீஷ்லயும் தமிழ்தான் பேசற,” என்றார் கோட் சார். மின்விசிறி ஓடாத நாளிலும் கோட்டைக் கழற்றாததால் வந்த பெயர். “அவங்க பழக்கம் புரியாம அவங்க பாஷை வராது. அங்கெல்லாம் பெரிய டாக்டரே தப்பா சொன்னாலும், நர்ஸ் கண்ணைப் பார்த்து ‘நான் ஒத்துக்க மாட்டேன்’னு சொல்லுவா. நீ? எதுக்கெடுத்தாலும் எஸ் சார், எஸ் சார்!”

“எஸ் சார்.”

மறுபடியும் சிரிப்பு.

“விடுடி,” என்று இடித்தாள் பக்கத்து இருக்கை அக்கா. “கண்ணாடி முன்னாடி நின்னு பழகு, வந்துரும்.”

மூன்று வாரம் பழகினாள். கண்ணாடியிடம், குளியலறைக் குழாயிடம், பேப்பர் படிக்கும் கணவனிடம் எல்லாம் ‘ஒத்துக்க மாட்டேன்’ என்று ஆங்கிலத்தில் அறிவித்தாள். கணவன் மட்டும் கொஞ்சம் பயந்துபோனான்.

வாய்மொழித் தேர்வு வந்தது. நோயாளியாக நடித்தது கோட் சார்தான்.

டீ வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். கோப்பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

“என்னம்மா, அவ்வளவுதானா? வேணாம்னாலும் மூணு தடவை வற்புறுத்தணும். அப்பதான் அவங்களுக்கு அன்பு புரியும். அது அவங்க பழக்கம்!”

அவள் தலையைத் தூக்கினாள். கண்ணைப் பார்த்தாள். தடுமாறாத ஆங்கிலத்தில் சொன்னாள்:

“நான் ஒத்துக்க மாட்டேன் சார். ஒரு வெளிநாட்டு அம்மாவை ஆறு மாதம் கவனித்திருக்கிறேன். ஒரு தடவை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இரண்டாம் தடவை கேட்டதற்கே எரிந்து விழுந்தார்கள்.”

முதல்முறையாகக் கோட் சார் கோட்டைக் கழற்றினார்.

“அடுத்த ஆள் வரலாம்.”

அடுத்து அக்கா. அவளும் ஒரு தடவைதான் கேட்டாள். அதே திருத்தத்தைச் சொன்னார். “எஸ் சார்,” என்றாள்.

சாயங்காலம் பலகையில் முடிவு ஒட்டினார்கள். அக்கா பாஸ்.

நர்ஸின் பெயருக்கு எதிரே: ‘ஆங்கிலம் மிக நன்று. பெரியவர்களிடம் பணிவு இல்லை. மறுபடியும் மூன்று மாதம் படிக்கவும்.’

உள்ளே புது வகுப்பு தொடங்கியிருந்தது.

“முதல் பாடம்! நானே தப்பா சொன்னாலும் நிமிர்ந்து நின்னு மறுத்துப் பேசணும். புரிஞ்சுதா?”

“எஸ் சார்!” என்றன, குனிந்திருந்த முப்பது தலைகள்.