மடியில் கட்டிய ஏலக்காய்

போடி பரிசோதனைக் கூடத்து ஆவி அடுப்பில் ஒரு சிட்டிகை ஏலக்காயைச் சூடேற்றினால் போதும், அந்தச் செடி தும்மிய நாட்களைக்கூட அடுப்பு ஒப்பித்துவிடும். பூச்சிமருந்து வாடை வந்தால் தோட்டத்துக்குப் பத்து வருடம் சீல்.

தன் தோட்டத்து ஏலக்காயைக் கொடுத்துவிட்டு ஒச்சப்பன் அடுப்பையே பார்த்து நின்றார். அடுப்பு மழையைச் சொன்னது, சாணியைச் சொன்னது, போன வருடம் வந்துபோன காட்டுப்பன்றியையும் சொன்னது. பிறகு சிவந்தது.

“நிகோடின். பூச்சிமருந்துதான்,” என்றார் அதிகாரி.

ஒச்சப்பன் மருந்தே அடித்ததில்லை. தோட்டம் போய்விடுமே என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னார். “சார், நாந்தான் பீடி குடிச்சேன்.”

பக்கத்தில் மனைவி அங்கம்மாள் தலைகுனிந்து நின்றாள். பீடியைத் தொடமாட்டேன் என்று மூன்று வருடத்துக்கு முன் அவரிடம் தன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியவள்.

“அப்ப குழாய்ல ஊதுங்க.”

ஊதினார். இட்லி, சுக்குக் காப்பி, பயம் என்று அடுக்கிய அடுப்பு புகையிலையைச் சொல்லவே இல்லை. தோட்டத்துக்குச் சீல் வைக்க அதிகாரி அரக்கை எடுத்தார்.

“இருங்க சார்.” மலையிலிருந்து ஏலக்காய்ப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்த அங்கம்மாள், அதே மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, குழாயில் ஊதினாள்.

“புகையிலை! இன்றைக்கு மட்டும் நாலு தடவை!” என்று அடுப்பு கூவியது.

அதிகாரி அரக்கைக் கீழே வைத்தார்.

“ஏன்டி, எங்கிட்டச் சத்தியம் வாங்குன வாயா இது?” என்ற ஒச்சப்பன், விறுவிறுவென்று எதிர்க்கடைக்குப் போய் ஒரு கட்டு பீடி கேட்டார்.