முதல் ஓலை

ஜெசிந்தா மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து, கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்கும் நேரம். மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கோயிலில் கல்யாணம். மெல்போர்னுக்கு வந்த நாளாக அவள்தான் வாசிக்கிறாள். வாய்த்த குரல் அப்படி. கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் நிமிர்ந்துவிடுவான்.

இன்றைக்கு ஒரு ஜோடி. மாப்பிள்ளை பேர், பெண் பேர், இரண்டு பக்கத்துத் தாய் தகப்பன் பேர்.

"இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கவும்."

யாரும் அசையவில்லை. யார் அசையப்போகிறார்கள்! பெண்ணின் அம்மா மட்டும் பெருமை தாங்காமல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

பார்க்கப் பார்க்க ஜெசிந்தாவுக்குப் பொறாமையாக இருந்தது.

அடுத்த மாதம் அவளுக்கும் கல்யாணம். அமலியோடு. இந்த நாட்டுச் சட்டம் பெண்ணுக்கும் பெண்ணுக்கும் கல்யாணம் செய்துவைக்கிறது. பூங்காவில் கையெழுத்து, மாலை, கேக், எல்லாம் உண்டு.

ஓலை மட்டும் கிடையாது.

வெட்கத்தை விட்டுச் சாமியாரிடம் கேட்டும் பார்த்துவிட்டாள்.

"சட்டம் உனக்கு உரிமை குடுத்திருக்கு மகளே. முடியாதுன்னு சொல்ற உரிமையை எனக்கும் அதே சட்டந்தான் குடுத்திருக்கு."

கெட்டவர் இல்லை. சொல்லிவிட்டு அவரும் முகம் வாடித்தான் நின்றார். சண்டை போடவும் இவளுக்கு மனசு வரவில்லை. சண்டை போட்டு வாங்கினால் அது ஓலையா?

அமலி கோயில் பக்கமே வருவதில்லை. வேண்டாம் என்கிறவர்கள் வாசலில் நமக்கென்ன வேலை என்பாள். அவளுக்குப் பூங்காவே போதும்.

இவளுக்குப் போதவில்லையே. இங்கே பிறக்காவிட்டாலும் இதே திருச்சபையில் ஞானஸ்நானம் வாங்கிய பேர் அவளுடையது. அதை அமலியின் பேரோடு சேர்த்து ஊர் கேட்க ஒரு தடவை வாசித்துவிட மாட்டார்களா! யாராவது எழுந்து தடை சொன்னால்கூடச் சொல்லிக்கொள்ளட்டும்.

மைக் இன்னும் அணையவில்லை. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

அணைத்துவிட்டு இறங்கினாள்.

காரில் அம்மா காத்திருந்தாள். தூத்துக்குடியிலிருந்து வந்து ஒரு வாரம். மகளைப் பார்க்க மட்டும்தான் வந்தாளாம். கல்யாணப் பேச்சை எடுத்தால் செபமாலையை எடுத்துவிடுகிறாள்.

இவள் சாவியைப் போட்டாள். திருப்பவில்லை. என்ன தோன்றியதோ, முன்கண்ணாடியைப் பார்த்தபடி வாசிக்கத் தொடங்கினாள். கையில் தாள்கூட இல்லை.

"முதல் ஓலை. தூத்துக்குடி, காலஞ்சென்ற சேவியர் மோத்தா, பிலோமினாள் இவர்களின் மகள் ஜெசிந்தாவுக்கும்..."

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"...மணப்பாடு, ராயப்பன், திரேசம்மாள் இவர்களின் மகள் அமலிக்கும்..."

கோயிலை நிறைக்கிற குரல் காருக்குள் நடுங்கியது. தடை என்கிற இடத்தில் நிறுத்தினாள். உலகத்திலேயே அவளுக்குத் தடை சொல்லக்கூடிய ஒரே ஆள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். எப்படியோ அதையும் சொல்லி முடித்தாள்.



கார்கள் ஒவ்வொன்றாய்க் கிளம்பிப் போயின.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, ரெண்டாம் ஓலைய வீட்டுல வச்சு வாசி. அந்தப் பிள்ளைக்கும் கேக்கணும்லா."